தையலுக்குள் போன பதினான்கு மில்லிமீட்டர்

சின்னவளுக்கு எதுவும் சும்மா கிடைத்ததில்லை. பத்தாவதோடு போதும் என்று வீடு முடிவு கட்டிய பிறகும் அடம்பிடித்துப் பன்னிரண்டு வரை போனாள். அவளுடைய வலது கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு உனக்குக் கேமரா ஒரு கேடா என்று கேட்காத ஆளில்லை. இடது கண்ணால் பார்த்து, கேமராவின் முதுகில் மூக்கு நசுங்க நசுங்கப் பழகிக்கொண்டாள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் அலுவலகத்தில், பொழுதுக்கும் நிற்கவேண்டிய வேலை, ஆம்பளைதான் வேண்டும் என்றார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் என்று உள்ளே போனவள் ஒன்பது வருடமாக நின்றுகொண்டிருக்கிறாள். நூலகத்தில், வெளியே கொடுக்கப்படமாட்டாது என்று முத்திரை குத்திய தடிமனான படப் புத்தகங்களைப் புரட்டவும், பார்த்து நோட்டில் வரையவும் அனுமதி வாங்கினாள். அதற்கு மட்டும் ஐந்து மாதம் நடந்தாள். கடைசியாக, நகர மன்றத்தின் புகைப்படக் கண்காட்சிக்கு வந்த எண்ணூற்றுப் பதினேழு படங்களில் நாற்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாற்பதில் ஒன்று அவளுடையது.

இதையெல்லாம் எண்ணி வைத்திருப்பவன் அவள் அண்ணன். வீட்டில் அவனைப் பெரியவன் என்பார்கள். எட்டாவது வரை படித்தவன். சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர். குழல்விளக்குக்குக் கீழே நின்று, தைத்து வரும் சட்டைகளில் குறை தேடுவது வேலை. ஓர் அங்குலத்துக்குப் பதினொரு தையல் இருக்கவேண்டிய இடத்தில் பத்து இருந்தால், எண்ணாமலே அவன் கண் அங்கே நின்றுவிடும். வீடு திரும்பும்போது கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல இருக்கும். ஆனால் தங்கை எடுத்த படம் என்றால் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவான்.

இத்தனைக்கும் மல்லுக்கு நின்றவள், தேர்வான படத்தின் கீழே கையெழுத்துப் போடச் சொன்னபோது மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். எடுத்தவர் கையெழுத்தில்லாத படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை என்பது மன்றத்தின் விதி. இருபது நாள் கெடு. அதற்குள் போடாவிட்டால் நாற்பத்தொன்றாவது ஆளின் படம் அந்த இடத்துக்குப் போகும்.

அவள் ஏன் மாட்டேன் என்றாள் என்று புரிய, அவள் படித்த விதத்தைச் சொல்லவேண்டும்.

அலுவலகத்தில் அவள் பேசுவது நாளெல்லாம் நாலே வாக்கியம். “உக்காருங்க. தலைய நிமித்துங்க. காது தெரியணும். அடுத்தவங்க வாங்க.” ஒரு நாளைக்கு இருநூறு முகம். படத்துக்குக் கோட்டு கட்டாயம் என்று எந்த மகராசன் சட்டம் போட்டானோ, அங்கே ஒரே ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. வரிசையில் நிற்பவர்கள் அதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். ஒல்லியானவருக்கு முதுகில் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பார்கள். பருமனானவருக்குப் பொத்தானை மாட்டாமல் விட்டுவிடுவார்கள். ஊரில் பாதிப் பேர் பையில் இருக்கும் அட்டையில் அதே கோட்டுதான். மாலை ஆனால் சின்னவளின் கால் நரம்பெல்லாம் புடைத்துக்கொள்ளும். அந்தக் காலோடுதான் நூலகத்துக்குப் போய், அது மூடும் எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பாள்.

சொல்லிக்கொடுக்க ஆளில்லை, வகுப்புக்குப் போக நேரமில்லை. அதனால் உலகத்தில் பேர் பெற்ற புகைப்படக்காரர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு, அவர்கள் எடுத்த மாதிரியே எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். முதலில் படத்தை நோட்டில் கட்டம் போட்டு வரைவாள். ஆள் எங்கே, கதவு எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம். நிழலின் நீளத்தைப் பார்த்து, எடுத்தது காலையா மதியமா என்று எழுதுவாள். கேமராவை இடுப்புயரத்தில் பிடித்தாரா, கண்ணுயரத்திலா, மண்டிபோட்டாரா என்று எழுதுவாள். பக்க எண்ணையும் மறக்காமல் போடுவாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில், யாரோ கழித்துக் கட்டிய பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு, அதே மாதிரி ஒரு இடத்தைத் தேடித் தெருத் தெருவாக அலைவாள்.

அந்த மேதைகளின் பேர் பெரியவன் வாயில் நுழையவில்லை. அவனே பேர் வைத்தான். ஒரே ஜன்னலின் வெளிச்சத்தில் ஆட்களை உட்காரவைத்து எடுத்தவர் ஜன்னல்காரர். அவருக்கு ஒரு வருடம். வீட்டில் இருந்த ஒரே ஜன்னலோரம் பெரியவன்தான் உட்கார்ந்தான்.

“மூஞ்சிய ஏன் கடுகடுன்னு வச்சிருக்க அண்ணா?”

“எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்தவன் மூஞ்சி எப்படிம்மா இருக்கும்?”

“அப்படியே இரு. அவர் படத்துலயும் எல்லாரும் இப்படித்தான் இருக்காங்க.”

அடுத்தவர் மழைக்காரி. நனைந்த தெருவைத் தவிர வேறெதையும் எடுக்காத அம்மாள். அவருக்கு இரண்டு மழைக்காலம், இரண்டு காய்ச்சல். மூன்றாவதாக வந்தவர்தான் ஓரத்துக்காரர். அவருக்கு நாலு வருடம் போயிற்று.

ஓரத்துக்காரர் கூட்டத்தை எடுத்தவர். ரயில் நிலையப் படிக்கட்டு, சந்தை, வரிசை. ஆனால் எந்தப் படத்தை எடுத்தாலும் ஓரத்தில் ஒருவர் பாதியாக இருப்பார். அரை முகம், ஒரு கை, ஒரு தோள். அந்தப் பாதியும் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டில் அமிழ்ந்துகொண்டிருக்கும். சின்னவள் இதிலே சொக்கிப்போனாள். நோட்டில் எழுதினாள்: ‘சில படத்தில் இடது ஓரம், சில படத்தில் வலது ஓரம். உள்ளே வருகிறவர்களை இடது பக்கம் வெட்டுகிறார், வெளியே போகிறவர்களை வலது பக்கம் வெட்டுகிறார் என்று நினைக்கிறேன்.’ அதற்கப்புறம் அவளும் அப்படியே எடுத்தாள். ஓரத்தில் நிற்பவரைப் பாதியில் நிறுத்த, சுவர் நிழல் சரியாக அந்த இடத்தில் விழும் நேரத்துக்குக் காத்துக் காத்துக் கால் கடுத்துப்போவாள்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “ஏன்டி, படம் எடுக்கிறவளப் பெத்தும் எனக்குன்னு உருப்படியா ஒரு படம் இருக்கா? எல்லாத்துலயும் பாதி மூஞ்சி. நான் போனப்புறம் மாட்டறதுக்காவது ஒண்ணு முழுசா எடுடி.”

“இந்தப் பாதி ஒண்ணு, அந்தப் பாதி ஒண்ணு, ரெண்டு படத்தப் பக்கத்துல பக்கத்துல மாட்டிடலாம்மா, சரியா வந்துடும்” என்றான் பெரியவன். அம்மா கையில் கிடைத்த துண்டை அவன் மேல் எறிந்தாள்.

சின்னவள் அச்சுப் போட்ட ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலில் ஒரு வரி எழுதுவாள். ‘இது ஜன்னல்காரர் மாதிரி எடுத்தது.’ ‘இது ஓரத்துக்காரர் மாதிரி எடுத்தது.’ தன் பேரை எழுதமாட்டாள். கேட்டால், “பாத்து எழுதின பரீட்சைக்கு யாராவது மார்க்கு கேப்பாங்களா?” என்பாள்.

தேர்வான படத்தில் இருப்பது அந்தக் கறுப்புக் கோட்டுதான். மதிய இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அலுவலகத் தாழ்வாரத்தில் எடுத்தது. ஒருவர் கோட்டைக் கழற்றிக் கொடுக்கிறார். அவர் முகத்தில் அப்பாடா என்று ஒரு களைப்பு. பின்னால் ஏழெட்டுப் பேர் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். வாங்கிக்கொள்பவர் வலது ஓரத்தில் பாதிதான் இருக்கிறார். ஒரு கை கோட்டுக்குள் போய்விட்டது, மிச்ச ஆள் இருட்டில். அதைப் பார்த்த அன்று பெரியவன் மூன்று தடவை கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தான். அவன்தான் படிவம் நிரப்பி மன்றத்துக்கு அனுப்பினான். “பின்னாடி எழுதியிருக்கிறத மட்டும் அழிக்காத” என்று சொல்லிவிட்டுச் சின்னவள் காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டாள்.

தேர்வான கடிதம் வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் உச்சி குளிர்ந்தது. கையெழுத்து என்றதும்தான் அவள் முகம் மாறியது.

“அவர் எடுத்த மாதிரி எடுத்துட்டு என் பேர எப்படிண்ணா போடுறது? திருட்டுப்பொருள்ல பேர் வெட்டின மாதிரி இருக்காதா?”

“அந்தத் தாழ்வாரத்துல அவரா வந்து நின்னாரு?”

“அந்த ஓரம் அவரோடது. அத எடுத்துட்டா படத்துல என்ன இருக்கு?”

அந்தச் சமயத்தில் பெருநகரத்து அருங்காட்சியகத்தில் ஓரத்துக்காரரின் அசல் படங்களை வைத்திருப்பதாக நூலகத்துப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நேரில் பார்த்துவிட்டு வருகிறேன், அப்போது தெரிந்துவிடும், நான் பேர் போடலாமா கூடாதா என்றாள் சின்னவள். இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் நாலு மணி நேரம் போனார்கள்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. முதலில் இருந்தது அந்தப் படிக்கட்டுப் படம். சின்னவள் நோட்டில் ஆறு தடவை வரைந்த படம். அவள் சுவரை ஒட்டி நின்று பார்த்தாள். பெரியவனுக்கு எதைப் பார்த்தாலும் எண்ணும் பழக்கம். எண்ணினான்.

“நோட்டுல எத்தனை பேர் போட்டிருக்க?”

“ஒம்போதரை.”

“இங்க பதினொண்ணு இருக்கே.”

“விரல நீட்டாதீங்க சார்” என்றார் காவலாளி. “எண்ணணும்னா மனசுக்குள்ள எண்ணுங்க.”

மனசுக்குள் எண்ணினாலும் பதினொன்றுதான். ஓரத்தில் பாதியாக இருந்த கிழவர் முழுசாக இருந்தார். அவருக்கும் அந்தப் பக்கம், கையில் குடையோடு இன்னொருவர் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தார். இருட்டு இல்லை. நல்ல பட்டப்பகல். அடுத்த படம் சந்தை. அரை முகமாக இருந்த பெண்ணுக்கு மறுபாதி முகமும், ஒரு குழந்தையும் இருந்தன. அதற்கடுத்ததிலும் அப்படியே. நாற்பத்திரண்டு படத்திலும் ஓரத்தில் நின்றவர்கள் கையும் காலுமாக நன்றாக இருந்தார்கள்.

சின்னவள் நடுவில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களைத் தரையில் வைத்தாள்.

“ஒருத்தர் கூட பாதி இல்லண்ணா.”

பெரியவன் செருப்பை ஓரமாக எடுத்து வைத்தான்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் வெளியே பார்த்தபடியே சொன்னாள். “என் கண்ணுதான். எல்லாரும் அப்பவே சொன்னாங்க. இல்லாத இருட்டப் பாத்திருக்கேன், இருக்கிற ஆளப் பாக்கல. நாலு வருஷம்.”

“அப்படில்லாம் இருக்காது.”

“பின்ன எப்படி இருக்கும், சொல்லு பாப்போம்?”

அவன் டிக்கெட்டை மடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

வீட்டில் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “முழுசா இருந்தா நல்லதுதானேடி, அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் சின்னவள் கேமராவைத் துணியில் சுற்றிப் பீரோவின் மேல்தட்டில் வைத்தாள். அலுவலகத்தில் மாடியில் ஒரு இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்து விவரங்களைப் பதிவு செய்யும் வேலை. மேனேஜர் முன்பே இரண்டு தடவை கேட்டிருந்தார். இப்போது சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். “காலுக்காவது ஓய்வு கிடைக்கும்” என்றாள். மன்றத்துக்குப் படத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் எழுதி உறையில் போட்டாள். கெடுவுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

பெரியவனுக்கு வேலை ஓடவில்லை. சட்டையைப் புரட்டினால் படிக்கட்டுதான் தெரிந்தது. ஒற்றைக் கண்தான். ஆனால் அந்தக் கண் ஒன்பது வருடமாக ஒரு நாளைக்கு இருநூறு முகத்தைப் பார்த்து, காது மறைந்தால் கண்டுபிடிக்கும் கண். அது போய் இரண்டு ஆளை விட்டுவிடுமா? விடாது என்று அவன் மனசு அடித்துச் சொன்னது. அடித்துச் சொன்னால் போதாதே, காட்டவேண்டுமே.

அன்று மாலை அவள் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டான். ஓரத்துக்காரரின் படங்கள் அறுபத்தெட்டு. ஒவ்வொன்றிலும் பக்க எண் இருந்தது, எந்த ஓரம் வெட்டியது என்று இருந்தது. அவன் ஒரு தாளில் வரிசையாக எழுதினான். முப்பத்தொன்றாம் பக்கம், இடது. முப்பத்திரண்டு, வலது. முப்பத்தைந்து, இடது. முப்பத்தாறு, வலது. பத்து எழுதியதுமே கை நின்றுவிட்டது. மிச்சத்தையும் எழுதிப் பார்த்தான். ஒற்றைப்படைப் பக்கமெல்லாம் இடது. இரட்டைப்படைப் பக்கமெல்லாம் வலது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

இது அவனுடைய தொழில். ஒரு சட்டையில் ஒரு குறை வந்தால் தைத்தவளைக் கேட்பார்கள். சட்டைக்குச் சட்டை அதே இடத்தில் அதே குறை வந்தால், தைத்தவளை விட்டுவிட்டு மெஷினைத் திறந்து பார்ப்பார்கள்.

மறுநாள் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கம்பெனியில் தையலை அளக்கும் மெல்லிய எஃகு அளவுகோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனான். ஓரத்துக்காரரின் புத்தகத்தில் படிக்கட்டுப் படத்தை விரித்து, ஒற்றைப்படைப் பக்கத்தின் இடது ஓரமும் இரட்டைப்படைப் பக்கத்தின் வலது ஓரமும் சேரும் நடுப்பள்ளத்தில் அளவுகோலை மெதுவாக இறக்கினான்.

“என்ன பண்றீங்க? புத்தகத்த அறுக்கவா வந்தீங்க?” நூலகர் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

“இல்ல மேடம், அளக்கிறேன். உள்ள படம் இருக்கு மேடம். படத்துக்கு மேலயே தையல் ஓடியிருக்கு.”

நூலகர் குனிந்து பார்த்தார். இரண்டு கையாலும் பக்கத்தை அழுத்திப் பிரித்தார். தையலுக்கு உள்ளே, பள்ளத்து இருட்டில், குடைக்காரரின் குடை நுனி தெரிந்தது.

“பக்கமெல்லாம் உதிருதுன்னு நாங்கதான் பைண்டர்கிட்ட கொடுத்தோம். கெட்டியா இருக்கணும்னு சொன்னேன்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “இவ்வளவு கெட்டியா தைப்பாருன்னு தெரியாது.”

பெரியவன் பத்துப் பக்கங்களை அளந்தான். ஒவ்வொன்றிலும் பதினான்கு மில்லிமீட்டர் தையலுக்குள் போயிருந்தது. தாளின் வளைவில் விழுந்த நிழல்தான் அந்த இருட்டு.

சின்னவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், பக்க வரிசையும் அளவும் பைண்டர் தைத்த கதையும் எழுதிய தாளை அவன் நீட்டினான். அவள் நின்றபடியே படித்தாள். மறுபடி படித்தாள். அப்புறம் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

“அப்போ என் கண்ணு இல்ல.”

“உன் கண்ணு இருக்கிறத இருக்கிற மாதிரிதான் பாத்திருக்கு. புத்தகம் அப்படி.”

“நாலு வருஷம் ஒரு பைண்டர்கிட்டயா படிச்சிருக்கேன்?” அவளுக்குச் சிரிப்பு வந்தது. களைத்துப்போனவர்களுக்கு வரும் சிரிப்பு, ஆரம்பித்தால் நிற்காது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “பைத்தியம் புடிச்சிடுச்சா ரெண்டுக்கும்?” என்றாள்.

சிரித்து ஓய்ந்ததும் அவள் முகத்தில் பழைய அலுப்பு வந்துவிட்டது. “சரி, கண்ணு பரவால்ல. அதுக்காக இப்ப என்ன? புத்தகத்துல இருந்த தப்பப் பாத்து நானும் தப்பா எடுத்திருக்கேன். அவ்வளவுதானே? இதுல கையெழுத்து வேற.”

பெரியவன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். அவனுக்குப் பெரிய பேச்செல்லாம் வராது.

“எங்க கம்பெனில ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் சட்டை நல்லா வருது. யார் தைச்சான்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. கை ஒண்ணு கோணலா போச்சுன்னா, உடனே துண்டுச்சீட்டத் தேடி, எந்த நம்பர் தைச்சதுன்னு பாப்பாங்க. தப்புன்னு வந்தாத்தான் அதுக்கு ஆள் உண்டு.”

“அதனால?”

“இந்தத் தப்பு அவரோடது இல்ல. அவர் எல்லாரையும் முழுசா எடுத்திருக்காரு. பைண்டரு கேமராவத் தொட்டதே இல்ல. தாழ்வாரத்துல அந்த ஆளப் பாதியில நிறுத்தினது யாரு? யார் நம்பரு விழணும்?”

சின்னவள் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, மன்றத்துக்கு எழுதிய உறையைக் கிழித்து அடுப்படிக் கூடையில் போட்டாள். மாடி வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. கால் வலி பொய்யில்லையே. கேமராவை மட்டும் பீரோவிலிருந்து இறக்கிவைத்தாள்.

கெடுவின் கடைசி நாள் இருவரும் மன்றத்துக்குப் போனார்கள். எழுத்தர் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்து, பட்டியலில் எண்ணைச் சரிபார்த்தார். “பின்னாடி என்னமோ எழுதியிருக்கே? யாரு இந்த ஓரத்துக்காரரு?”

“அது தப்பா எழுதினது சார். ரப்பர் இருக்கா?”

அவள் அந்த வரியை அழித்து, தூசியை ஊதினாள். எழுத்தர் படத்தைத் திருப்பி, கீழே விட்டிருந்த வெள்ளை இடத்தைக் காட்டிப் பேனாவைக் கொடுத்தார். அதுவரை அவள் சம்பளச் சீட்டில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், எந்தப் படத்திலும் போட்டதில்லை. பேனாவை வெள்ளை இடத்தின் மேல் பிடித்து, எங்கே தொடங்குவது என்று அளந்துகொண்டிருந்தாள். வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். சின்னவள் போட்டாள். முதல் எழுத்து கொஞ்சம் இழுத்துக்கொண்டது, மற்றதெல்லாம் சரியாக விழுந்தது.

“தேதியும் போடுங்கம்மா” என்றார் எழுத்தர்.

“இன்னிக்கு என்ன தேதிண்ணா?”

பெரியவன் சொன்னான், அவள் எழுதினாள்: 9 ஆகஸ்ட் 2018, வியாழக்கிழமை.